பதினைந்தேகால் அங்குலம்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்த விற்பனை அலுவலகத்துக்குப் போவதற்குள், அங்கிருந்த சேல்ஸ் மேனேஜருக்கு நானும் என் கணவரும் ஒரு பெயர் வைத்துவிட்டோம். தோராயம். எதைக் கேட்டாலும் மனிதர் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பார். சின்ன அறை எத்தனை அடி? தோராயமா பன்னெண்டுக்குப் பதினொண்ணு. சாவி எப்போது கிடைக்கும்? தோராயமா எட்டு மாசம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று ஒரு தடவை கேட்டேன். தோராயமா இடது பக்கம் என்றார். வலது பக்கம் இருந்தது.

நான் தையல்காரி. மருத்துவமனைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் சீருடை வெட்டித் தைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் ஒரு வெட்டு மேசை இருக்கிறது. எட்டடி நீளம், நாலடி அகலம், அதாவது ஒரு முழு பிளைவுட் பலகை. இந்த அளவு ஆடம்பரத்துக்காக வந்ததில்லை. துணியின் அகலத்தைப் பன்னா என்போம். சீருடைத் துணியின் பன்னா நாற்பத்துநாலு அங்குலம். நாலடி மேசையில் மடிக்காமல் விரித்தால் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் மிஞ்சும். எட்டடி நீளத்தில் ஒரு சட்டையும் ஒரு கால்சட்டையும் அடங்கும். இருபது அடுக்கு துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மெஷினால் ஒரே வெட்டாக வெட்டுவேன். அதற்கு மேசையின் நாலு பக்கமும் நடந்து துணியை இழுத்து நேராக்க வேண்டும். சுவரோடு ஒட்டிய மேசையில் அது நடக்காது.

மேசை வாங்குவதற்கு முன் ஆறு வருடம் தரையில் முட்டி போட்டுத்தான் வெட்டினேன். இடது முழங்கால் அதற்கு விலை கொடுத்தது. இனி முட்டி போட்டால் அடுத்து அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, மேசை நிற்க இடமில்லாத வீடு என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் மாதத் தவணை கட்ட வழியில்லை. வங்கி எங்கள் இருவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது. இப்போதிருக்கும் வாடகை வீட்டையும் அதன் சொந்தக்காரர் இடித்துக் கட்டப்போகிறார். ஒரு வருடம்தான் கெடு.

என் கணவர் மொத்த மருந்துக் கடை ஒன்றில் ஆர்டர் எடுப்பவர். பத்துப் பெட்டி வாங்கினால் ஒரு பெட்டி இலவசம் என்கிற உலகத்தில் இருபது வருடம் இருந்துவிட்டார். தள்ளுபடி என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்கு முதுகு நிமிரும். இவருக்கு மேலே இவருடைய அக்கா, எனக்கு அண்ணி. ஏழு வருடம் முன்னால் ஒரு ஃப்ளாட் வாங்கியதால், உலகத்தில் உள்ள எல்லா ஃப்ளாட்டுக்கும் அவரே ஆலோசகர். நேரில் வரமாட்டார். போனில்தான் வருவார், அதுவும் நாங்கள் எதையாவது முடிவு செய்யப் போகும் நேரத்தில்.

முதல் ஞாயிறு முழுக்க விலை என்றால் என்ன என்று தெரிந்துகொள்வதிலேயே போயிற்று. சி வகை வீடு, ஆயிரத்து நூற்று நாற்பது சதுர அடி, சதுர அடிக்கு ஐயாயிரத்து இருநூறு என்றார் தோராயம். நான் பிரசுரத்தில் இருந்த அறைகளின் நீள அகலத்தைப் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். எழுநூற்றுத் தொண்ணூறுதான் வந்தது. மீதி முந்நூற்று ஐம்பது எங்கே என்று கேட்டேன். அது சுவர்களின் கனமும், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, காவல்காரர் அறை ஆகியவற்றில் எங்கள் பங்கும் என்றார். துணிக்கடையில் இப்படி விற்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். துணியை மட்டும் அளக்காமல், அது சுற்றியிருக்கும் அட்டைக் குழல், மேலே போட்ட பாலிதீன் உறை, கடை வாசல் மிதியடி எல்லாவற்றையும் சேர்த்து அளந்து பில் போடுவது மாதிரி. காலால் மிதிக்கக் கிடைக்கும் தரைக்கு மட்டும் கணக்குப் போட்டால் சதுர அடி ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “எல்லா இடத்துலயும் இப்படித்தான் மேடம்” என்று சொல்லிக் காபி வரவழைத்தார். அங்கே பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் காபி வரும். அன்றைக்கு நான் நாலு காபி குடித்தேன்.

அதோடு முடியவில்லை. மாடி ஏற ஏறச் சதுர அடிக்கு நாற்பது கூடும். கார் நிறுத்தத் தனி. தோட்டம் தெரிந்தால் தனி. அந்தத் தோட்டம் சுவரில் மாட்டிய ஓவியத்தில் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் ஜல்லிக் குவியல்.

இரண்டாவது ஞாயிறு மாதிரி வீட்டைப் பார்க்கப் போனோம். விற்பனை அலுவலகத்தை ஒட்டியே தரையில் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் என் கணவர் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தேன். ஐந்தடி நாலு அங்குலம். என் கணவர் ஐந்தடி எட்டு. வீட்டைப் பெரிதாகக் காட்ட இது ஒரு வழி: அறையைப் பெரிதாக்க முடியாது, ஆனால் கட்டிலைச் சின்னதாக்கலாம். அறைகளுக்குக் கதவும் வைக்கவில்லை. கதவு திறக்கும்போது தின்னும் இடம் யார் கண்ணுக்கும் படாது.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வீட்டிலிருந்தே ஒரு காகிதம் கொண்டுபோயிருந்தேன். பேட்டர்ன் வரையும் பழுப்புக் காகிதத்தைத் துண்டு துண்டாக ஒட்டி, பன்னிரண்டடிக்கு எட்டடியில் ஒரு விரிப்பு. நடுவே தடித்த கோட்டில் என் மேசை. சுற்றிலும் நான் நடக்க இரண்டடி. தையலுக்கு விடும் துணி மாதிரி அந்த இரண்டடி. அதை விடாமல் வெட்டினால் சட்டை உடம்பில் ஏறாது. சின்ன அறையிலிருந்த பொம்மைக் கட்டிலையும் மேசையையும் நாங்கள் இருவரும் வெளியே தூக்கி வைத்தோம். தோராயம் வாசலில் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். காகிதத்தை விரித்தேன். சுவருக்குச் சுவர் உட்கார்ந்தது. பக்கத்தில் மூன்றடி மிஞ்சியது. இரண்டு மெஷினும் இஸ்திரிப் பலகையும் போடலாம். காகிதத்தின் மேல் ஒரு சுற்று நடந்து பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, மிச்சமிருந்த ஹாலைப் போய் அளந்தேன். ஹாலில் ஒரு சுவர் நடுவே அலங்கார அலமாரி ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. அதில் அட்டையில் செய்த புத்தகங்கள். இடத்தை அடைக்கிற அலமாரியை இங்கே ஏன் வைத்தார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டிருந்தால் இன்னொரு காபி வந்திருக்கும். கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு முடிவு செய்தாக வேண்டும். அறிமுக விலை அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. அப்போதுதான் தோராயம் இன்னொரு தாளை எடுத்தார். சி வகையில் ஒற்றைப்படை எண் வீடுகளும் உண்டு, இரட்டைப்படை எண் வீடுகளும் உண்டு. லிஃப்ட்டுக்கு இடப்பக்கம் ஒற்றை, வலப்பக்கம் இரட்டை. பிளான் ஒன்றேதான், கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டது. இரட்டைப்படையில் தோட்டம் தெரியாது என்பதால் சதுர அடிக்கு நூற்றைம்பது குறைவு. நாலாவது மாடியில் ஒன்று இருக்கிறது. என் கணவரின் முதுகு நிமிர்ந்தது. மனதுக்குள் பெருக்கி, ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம் என்று என் காதில் சொன்னார்.

சரியாக அப்போது அண்ணியின் போன். என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“திருப்பிப் போட்ட வீடா? வேண்டாம்டா. எதையாவது திருப்பிப் போட்டா எங்கயாவது இடிக்கும்.”

காரணம் என்ன என்று கேட்டேன். காரணமெல்லாம் தெரியாது, மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. காரணம் இல்லாமல் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதனால் பொறுமையாக விளக்கினேன். தோராயமும் கேட்கட்டும் என்று சத்தமாகவே விளக்கினேன்.

“அண்ணி, சட்டைக்கு முன்பக்கம் எப்படி வெட்டுறோம்? துணிய ரெண்டா மடிச்சுப் போட்டு ஒரே வெட்டு. பிரிச்சா இடது ஒண்ணு, வலது ஒண்ணு. ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. வீடும் அதேதான். மடிப்பு லிஃப்ட்ல இருக்கு, அவ்வளவுதான்.”

“என்னமோ, நீ படிச்சவ மாதிரி பேசுற. வாங்குங்க” என்று வைத்துவிட்டார். தோராயம் என் உதாரணத்தைப் பாராட்டினார். இனிமேல் மற்றவர்களுக்கும் அதையே சொல்லப் போவதாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முன்பணம் ஐம்பதாயிரம் கட்டி ரசீது வாங்கினோம். மீதித் தாள்களில் கையெழுத்துப் போட மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். அதுவரை முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை எங்களுக்கு இருந்தது.

இடைப்பட்ட நேரத்தில் என் கணவருக்குத் தன் கார் நிற்கப் போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். எங்களிடம் கார் இல்லை. இருந்தாலும் பார்க்க வேண்டும். கட்டடம் பத்து மாடியும் எழும்பி நின்றது, உள்வேலைதான் பாக்கி. சைட் சூப்பர்வைசர் ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுத்துக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனார். என் கணவர் முப்பத்திரண்டாம் எண் கட்டத்துக்குள் நின்று, இல்லாத காரின் கதவை இரண்டு பக்கமும் திறந்து பார்த்தார்.

நான் தூண்களைப் பார்த்தேன். லிஃப்ட்டுக்கு இடப்பக்கம் முதல் தூண் பக்கத்தில் இருந்தது. வலப்பக்கம் முதல் தூண் தள்ளி இருந்தது. டேப்பை எடுத்தேன். இடது பதினோரு அடி, வலது பதினாலரை.

“ஏன் ரெண்டும் ஒண்ணா இல்ல?” என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

“வலது பக்கம்தானே கார் இறங்குற சரிவு இருக்கு. இறங்கின வண்டி திரும்ப வேண்டாமா? தூண அங்கயே வச்சா தினம் ஒருத்தன் இடிப்பான்.”

விஷயம் இதுதான். தூண் என்பது அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை ஒரே நேராக ஏறும். நடுவில் ஒரு மாடியில் மட்டும் அதை நகர்த்தி வைப்பது பெரிய செலவு, யாரும் செய்வதில்லை. ஆகவே நாலாவது மாடியில் தூண் எங்கே நிற்கும் என்பதை அங்கே குடியிருக்கப் போகிறவர் தீர்மானிப்பதில்லை. கீழே கார் எப்படித் திரும்புகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. சுவர்களை மடித்துத் திருப்பலாம். தூணைத் திருப்ப முடியாது. அந்தக் கடுப்பிலும் அதன் நியாயம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள நான் ஐம்பதாயிரம் கட்டியிருக்க வேண்டாம்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. இடது முழங்காலை ஒவ்வொரு படியாக ஏற்றி நாலு மாடி ஏறினேன். சின்ன அறை வாசலிலேயே தெரிந்தது. எதிர்ச்சுவரின் நடுவிலிருந்து தூண் அறைக்குள் வந்து நின்றது, கூப்பிடாத விருந்தாளி மாதிரி. பிரசுரத்தில் சுவரெல்லாம் ஒரே கனத்தில் கறுப்புக் கோடு. தூண் என்று ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. அளந்தேன். சுவரிலிருந்து பதினைந்தேகால் அங்குலம். கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தை விரித்தேன். அது தூணின் மேல் ஏறிச் சுருண்டு நின்றது. நான் நடக்க வேண்டிய இரண்டடியில் மிச்சம் எட்டே முக்கால் அங்குலம்.

“இதுல யாரு போறது?” என்றார் என் கணவர்.

“பூனை போகும்.”

மேசையை இந்தப் பக்கம் நகர்த்தினால் அறைக்கதவு திறக்காது. குறுக்கே திருப்பினால் மெஷினுக்கு இடமில்லை. எல்லா வழியிலும் வைத்துப் பார்த்தோம். பிறகு நான் ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது. அண்ணி காரணமே தெரியாமல் சரியாகச் சொன்னார். நான் அத்தனை காரணத்தோடு தப்பாகச் சொன்னேன். அதுதான் தாங்கவில்லை.

கீழே போய்த் தோராயத்திடம் கேட்டோம். அவர் தயங்கவே இல்லை. “தூண் இருந்தாத்தான் மேடம் கட்டடம் நிக்கும். அது உங்களுக்குப் பலம்” என்றார். பலம் என் அறைக்குள் நிற்பதைத் தாளில் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். காபி வந்தது. ஒற்றைப்படை வீடு வேறு இருக்கிறதா என்று கேட்டோம். ஒன்பதாவது மாடியில் ஒன்று மட்டும். மாடிக்கான கூடுதலையும் சேர்த்தால் வங்கி தருவதாகச் சொன்ன தொகையைத் தாண்டி மூன்றே முக்கால் லட்சம். என் கணவர் அந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டார், இரண்டாவது தடவை குறையும் என்பது போல.

மணி இரண்டேகால். பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன். சரி என்று அவர் எழுந்தார். எனக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை. கண் முன்னால் அந்த அட்டைப் புத்தக அலமாரி நின்றது.

மாதிரி வீட்டுக்குள் ஓடாத குறையாகப் போனேன். அலமாரியின் பின்பக்கத்தை விரலால் தட்டினேன். பலகைச் சத்தம் வரவில்லை. சிமெண்ட். அது அலமாரி இல்லை. தூண் நிற்கும் இடத்துக்குப் போட்ட சட்டை. மாதிரி வீடு ஒற்றைப்படை பிளான்; அந்த ஹாலில் நிற்கும் தூணைத்தான் இப்படி மூடிக் காட்டியிருக்கிறார்கள். அதே வரிசைத் தூண் இரட்டைப்படை வீட்டில் மூன்றரை அடி தள்ளிப் போய்ச் சின்ன அறைக்குள் விழுகிறது. அப்படியென்றால் அந்த வீட்டின் ஹால்?

மறுபடி நாலு மாடி. இந்தத் தடவை என் கணவர் கையைக் கொடுத்து ஏற்றினார். ஹால் பதினேழடிக்குப் பதினொன்று, நாலு சுவரும் மட்டமாக, ஒரு துருத்தலும் இல்லாமல் இருந்தது. காகிதத்தை விரித்தேன். அவர் நாலு மூலைக்கும் நாலு செங்கல் வைத்தார். உட்கார்ந்தது. பால்கனிப் பக்கம் ஐந்தடி மிச்சம், அதுவும் நல்ல வெளிச்சத்தில்.

அவர் ஹாலின் சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு ஒரு சோபா உண்டு. இரண்டு வருடம் முன்னால் வாங்கியது, எல் வடிவம், தள்ளுபடியில். அது எந்த ஹாலில் எந்தச் சுவரோரம் போகும், அதற்கு எதிரே டிவி எங்கே இருக்கும் என்று மூன்று வாரமாக எல்லாத் தாளின் ஓரத்திலும் வரைந்துகொண்டிருந்தார். நான் அந்தச் சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இருந்தது. ஆனால் அன்றைக்குத் தப்பான வீட்டுக்கு முன்பணம் கட்ட வைத்தது நான்.

போன் அடித்தது. அவர் எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே தூண், அறை, ஹால் எல்லாம் சொன்னார். ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது.

“வாசக்கதவ தெறந்ததும் துணி வெட்டுற மேசையா? வர்றவங்க என்னடா நினைப்பாங்க?”

அவர் காகிதத்தைச் சுற்றி மெதுவாக நடந்தார், நான் தினமும் நடப்பதைப் போலவே, ஒரு கையை மேசைக் கோட்டின் மேல் நீட்டிக்கொண்டு. ஒரு முழுச் சுற்று. எங்கேயும் இடிக்கவில்லை.

“அக்கா, நம்ம வீட்டுக்கு வர்றவங்க வருஷத்துக்கு நாலு தடவ வருவாங்க. தவணை மாசத்துக்கு ஒரு தடவ வரும்” என்றார். அப்புறம், “சோபாவ சின்ன ரூம்ல தூணுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா போட்டுக்கறேன். அது ரெண்டாப் பிரியும்” என்றார். எனக்கு இதுவரை தெரியாது அது பிரியும் என்று.

அண்ணி ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, “ஆமா, திருப்பிப் போட்டா இடிக்கும்னு நீ சொன்னதுதான் சரி. அவளும் அப்படித்தான் சொல்றா” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

மூன்று மணிக்குத் தோராயம் தாள்களை அடுக்கி, பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். நான் வாங்காமல் பிளானை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தூணை வரையுங்கள் என்றேன். எல்லாருக்கும் இதே பிளான்தான் மேடம், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். இன்று விற்றுவிட்டு, நாளைக்கு ஹாலிலும் ஒரு தூண் முளைத்தால் நான் யாரைக் கேட்பது? சின்ன அறையில் தூண் உண்டு, ஹாலில் இல்லை, இரண்டும் தாளில் இருந்தால்தான் கையெழுத்து என்றேன். என் கணவர் முன்பண ரசீதை எடுத்து மேசை மேல் வைத்து, அதை ஒரு விரலால் லேசாகத் தள்ளினார். மருந்துக் கடையில் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது அப்படித்தான் செய்வாராம்.

தோராயம் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். பேனாவை அவரே எடுத்தார். சின்ன அறையின் சுவரில் ஒரு சிறு கட்டம் போட்டார். ஹாலில் ‘தூண் இல்லை’ என்று எழுதினார். கட்டத்துக்குப் பக்கத்தில், ‘தோராயமாக 15 அங்குலம்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

நான் டேப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து, சுருளைப் பிரித்து, பதினைந்தேகாலில் கட்டைவிரலை வைத்து அவர் முன் நீட்டினேன். அவர் முதல் சொல்லை அடித்தார். பதினைந்தைத் திருத்தினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் பேனாவை வாங்கினேன்.